சயாமுக்குப் போக ஒரு புத்தகம்

அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரத் துரை இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. இருந்தால் தேடிப் போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். 'என் பூட்ஸைத் துடை' என்பதற்குச் சயாம் மொழியில் என்ன என்று எழுதினீரே, 'இந்தக் கோழி கிழடு, எடுத்துக்கொண்டு போ' என்பதற்கும் எழுதினீரே, யானையை மண்டியிடச் சொல்ல நான்கு விதம் கொடுத்தீரே, 'ஐயா, தயவுசெய்து' என்று தொடங்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுத உமக்குக் கை வரவில்லையா? இப்படிக் கேட்டிருப்பேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வயதிலும் அந்தப் புத்தகத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. அப்போது நான் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் என்னைப்போல் கல்யாணமாகாத இன்னொருவனோடு குடியிருந்தேன். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்தவன், வெள்ளைக்கார அதிகாரி கொடுக்கும் குறிப்பைப் பிழையில்லாமல் கடிதமாக்குகிறவன் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரை நானே ஊதிப் பெரிதாக்கி வைத்திருந்தேன். எங்கள் வட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். ஆங்கிலம் தெரிந்தவன் உலகத்தில் எந்தக் கதவையும் தட்டலாம், திறக்கும் என்று மனதார நம்பினோம். ஆங்கிலம் தெரியாதவர்களைப் பார்த்துப் பாவப்பட்டோம். அப்படி நான் பாவப்பட்டவர்களில் முதல் ஆள் என் அக்கா.

அக்கா கிள்ளானில் இருந்தாள். ஐந்தாறு கறவை மாடுகள் வைத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து மலாய்க்கார வீடுகளுக்கும் சீனன் கடைகளுக்கும் பால் ஊற்றினாள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் மலாய் பேசினால் அவள் முகத்தைப் பார்க்காத எவரும் மலாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். பால் வாங்கும் வீட்டுப் பெண்களோடு சண்டை, சமாதானம், பிள்ளைகளுக்கு மருந்து, எல்லாம் மலாயில்தான். அத்தான் மாட்டு வியாபாரி. எல்லை தாண்டிச் சயாமுக்குப் போய் வண்டி மாடுகள் வாங்கி, ரயில் வேகனில் ஏற்றி, கிள்ளானுக்குக் கொண்டுவந்து விற்பார். ஆள் மலை மாதிரி. ஆனால் எந்தப் பெரிய காரியத்துக்கும் அக்கா வாயிலிருந்து 'சரி' என்ற சொல் வரவேண்டும். வந்து இறங்கிய மாட்டை அவள் சுற்றிப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வாங்க வந்தவனிடம் விலையே பேசுவார். அவரைப் 'பெண்டாட்டி பேச்சு கேக்குறவர்' என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு.

ஒருநாள் காலையில் என் பெயருக்கு அலுவலக விலாசத்தில் ஒரு தந்தி வந்தது. சயாம் எல்லைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரின் மருத்துவமனையிலிருந்து அத்தான் யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லியிருந்தார். மாட்டை வேகனில் ஏற்றும்போது கால் நசுங்கிவிட்டது, நிலைமை மோசம், மனைவியை உடனே அனுப்பவும். அவ்வளவுதான். இதில் புரியாமல் போவதற்கு ஒன்றும் இல்லை. மனைவியை அனுப்பவும் என்றுதான் இருந்தது.

லீவு சொல்லிவிட்டுக் கிள்ளானுக்கு ஓடினேன். அக்கா தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சேலையை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"நீ எங்கே கிளம்புறே?" என்றேன்.

"நானும் வரேன். புள்ளைங்கள பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குவாங்க. தந்தியில என்ன போட்டிருக்கு, அத முதல்ல சொல்லு."

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் என் காதால் கேட்க முடிகிறது. "வீட்டுலேர்ந்து யாராவது ஒருத்தர் வரணுமாம்" என்றேன்.

தந்தி என் கையில் இருந்தது. அவளால் அதைப் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். இதற்கு நான் எத்தனையோ காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். பொம்பளையை அவ்வளவு தூரம் ரயிலில் இழுத்துக்கொண்டு போவதா, அந்நிய நாட்டில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அவளை யார் தேற்றுவது, இப்படியெல்லாம். ஒரு காரணமும் நிஜமில்லை. தந்தி, ரயில், அந்நிய நாடு, மருத்துவமனை இதெல்லாம் படித்தவன் காரியம், நான் போய் முடித்துக்கொண்டு வந்தால் கிள்ளானே பேசும் என்று நினைத்தேன். இதுதான் நிஜம்.

"நீ வந்து அங்க என்ன பண்ணப் போறே? அங்க சயாம் பாஷை" என்றேன்.

"அந்தப் பக்கமெல்லாம் மலாய் பேசுற ஜனம் நெறைய இருக்குன்னு அவர் சொல்லியிருக்காரே."

நான் சிரித்தேன். "மாட்டுச் சந்தையில பேசுவாங்க லா. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட கடைத்தெருவுல பேசுற பாசார் மலாய் பேசுவியா? நான் இங்கிலீஷ்-சயாம் புத்தகம் ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போறேன். எல்லாம் நான் பாத்துக்குறேன்."

அவள் மடித்த சேலையைப் பையிலிருந்து எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். நான் படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள்.

கோலாலம்பூருக்குத் திரும்பியபோது மத்தியானம். வடக்கே போகும் மெயில் வண்டி மாலையில். நேரம் நிறைய இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பத்திரிகையும் பள்ளிப் புத்தகமும் விற்கும் ஒரு பாயின் கடைக்குப் போனேன். தேடியெடுத்து இரண்டு புத்தகங்களை மேசைமேல் வைத்தார்.

ஒன்று செங்கல் கனத்தில் ஆங்கில-சயாம் அகராதி. பாதிரிமார் யாரோ தொகுத்தது. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே சயாம் சொல், அவர்கள் எழுத்திலேயே. அவரைக் கொடி வேலியில் ஏறியது மாதிரி வளைவும் சுழியும். எப்படி உச்சரிப்பது என்று ஒரு குறிப்பும் கிடையாது. இன்னொன்று பினாங்கில் அச்சடித்த ஒல்லிப் புத்தகம். மட்டக் காகிதம், மை அப்பிய எழுத்து. மலாய் வாக்கியமும் அதற்கு நேரே சயாம் வாக்கியமும், இரண்டும் ஆங்கில எழுத்தில்.

நான் கிராணியல்லவா, வேலையைக் கிராணி மாதிரியே செய்தேன். ஒரு தாளில் கோடு போட்டு, எனக்கு வேண்டிய ஏழு வாக்கியங்களை வரிசையாக எழுதினேன். மருத்துவமனை எங்கே, நோயாளி என் அக்காவின் கணவர், உயிருக்கு ஆபத்து உண்டா, இப்படி ஏழு. பக்கத்தில் புத்தகத்துக்கு ஒரு கட்டம். எந்தப் புத்தகத்தில் எது இருக்கிறது என்று டிக் போட்டுக்கொண்டே போனேன். அங்கே ஒரு மனிதன் கால் அழுகிக் கிடக்கிறான். இங்கே நான் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறேன். என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒல்லிப் புத்தகத்தில் ஏழில் ஐந்து இருந்தது. பாய் சொன்னார்: "மாட்டு யாவாரிங்கல்லாம் இதைத்தான் தம்பி வாங்கிட்டுப் போவாங்க. அடுத்த ஊருக்குப் போறவனுக்கு இது போதும்."

"நான் மாட்டு வியாபாரி இல்ல பாய்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பெரிய புத்தகத்த எடுத்துக்குங்க. வேண்டிய வார்த்தை மேல வெரல வச்சுக் காட்டுனா, படிச்ச சயாம்காரன் படிச்சுக்கப் போறான்."

"ஊமை மாதிரி விரலைக் காட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"வாய் இருக்கறவன் புத்தகத்த ஏன் தேடுறான்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. சீக்கிரம் கெளம்புற வழியப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. வியாபாரம் பண்ணுகிற ஆள் எனக்குப் புத்தி சொல்வதா என்று இரண்டையும் தள்ளிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். பெரிய கிராணியிடம் யோசனை கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சயாமில் பல வருஷம் இருந்த ஒரு துரை எழுதிய புத்தகம் இருக்கிறது, நம் அதிகாரியே பாங்காக் போனபோது அதைத்தான் கொண்டு போனார், வெள்ளைக்காரன் போட்ட புத்தகத்தில் பிழை இருக்காது என்றார். டவுனில் துரைமார் வாங்கும் கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடைக்கு ஓடினேன். இருந்த பிரதியை எவருக்கோ பார்க்க அனுப்பியிருக்கிறோம், நாளைக் காலையில் வந்துவிடும் என்று அங்கே சொன்னார்கள்.

மணி நான்கு. வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. என் துணிப்பை கையிலேயே இருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில்தான். போய் ஏறியிருக்கலாம். நான் ஏறவில்லை. பாஷை தெரியாமல் போய் இறங்கி என்ன செய்வது, ஒருநாள் தாமதமானாலும் முழுத் தயாரிப்போடு போவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். வண்டியைத் தவறவிடவில்லை. போகவிட்டேன்.

மறுநாள் சிவப்புப் புத்தகம் வந்தது. தங்க எழுத்து, பட்டு நூல் அடையாளக் கயிறு, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு, ஒவ்வொரு அசைக்கும் மேலே, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும் ராகத்துக்கு ஒரு எண். முன்னுரையில், அந்த நாட்டில் சயாம் மொழியைத் தவிர வேறெதுவும் பயணிக்கு உதவாது என்று அடித்துச் சொல்லியிருந்தார் துரை. அந்த ஒரு வரியிலேயே விழுந்துவிட்டேன். ஏழு வாக்கியக் கட்டத்தை எடுத்து இந்தப் புத்தகத்தைச் சோதிக்க எனக்குத் தோன்றவேயில்லை. பாய் கடைப் புத்தகத்தைச் சோதிக்கலாம், துரை புத்தகத்தைச் சோதிக்கலாமா?

மாலை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒழுங்காகப் பிரித்தேன். சமையற்காரனுக்கு, படகுக்காரனுக்கு, வண்ணானுக்கு, வேட்டைக்கு, திட்டுவதற்கு. ஆம், திட்டுவதற்கு என்று தனி அத்தியாயமே இருந்தது. நோய் என்ற தலைப்பைக் கண்டு நெஞ்சு குளிர்ந்தது. அங்கே, 'என் சமையற்காரனுக்கு வயிற்றுவலி, இன்றைக்கு வேறு ஆள் கொண்டு வா' என்று இருந்தது. 'டாக்டரை என் பங்களாவுக்கு வரச் சொல்' என்று இருந்தது. எனக்கு வேண்டிய ஏழில் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வழியே தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியாமல், இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்று பிறை ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை மனப்பாடம் செய்தேன்.

அங்கிருந்து வண்டி மாறி, எல்லையில் இன்னொரு முறை மாறி, அந்த ஊரில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்டேஷனில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம் போய், எண்களைப் பார்த்து ராகம் போட்டு ஒரு வாக்கியம் சொன்னேன். மரியாதையாக வழி கேட்பதாக என் நினைப்பு. அவர் முகம் கல்லாகிவிட்டது. திரும்பி நடந்தார். அவர்தான் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது. நான் அவரை அழைத்தது, கூலியை அழைக்கும் விதத்தில். புத்தகம் முழுக்கவே அப்படித்தான். அதில் ஒரு சமமான மனிதனோடு பேசுவதற்கு வழியே இல்லை. நானும் கறுப்புத்தோல் கூலிச் சனத்தின் வாரிசுதான். என் தகப்பனை இதே ராகத்தில் அதட்டியவர்களைப் பார்த்து வளர்ந்தவன். துரை வாயை வாடகைக்கு வாங்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் வந்து இன்னொரு மனிதனை அதட்டியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனாலும் புத்தி வரவில்லை. பெட்டிக்கடையில் கையைக் காட்டிக் கேட்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நரைத்த தலையோடு, காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் ஒருவர் நின்றார். அவரிடமும் புத்தகத்தைப் பிரித்து, டாக்டரை வரச் சொல் என்ற வாக்கியத்தை வாசித்தேன். அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாக, சுத்தமான மலாயில், "என்சே சாரி சியாப்பா?" என்றார். யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையாகிவிட்டது என் கதை. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு மலாய் வராதா? வரும். வாயைத் திறந்திருந்தால் ஸ்டேஷனிலேயே வந்திருக்கும். அது காய்கறி வாங்கும் பாஷை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அத்தான் பெயரைச் சொன்னேன். டிரஸ்ஸர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பினி டியா மானா?" என்றார். அவர் மனைவி எங்கே?

வரவில்லை என்றேன். அவர் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டு நின்றேன். நேற்று டாக்டர் பார்த்து, முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டால் போதும் என்றாராம். அத்தான், என் மனைவி வருவாள், அவள் சரி சொல்லட்டும் என்றாராம். நேற்றைய வண்டிக்கு, சேலை கட்டிய தமிழ்ப் பெண் யாராவது இறங்குகிறாளா என்று பார்க்க ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். யாரும் இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில் அழுகல் முட்டியைத் தாண்டிவிட்டது. இனி தொடையில்தான் எடுக்க வேண்டும். அப்போதும் அத்தான், இன்னும் ஒரு வண்டி பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.

உள்ளே போனேன். அறை முழுக்க அழுகல் நாற்றம். அத்தான் கண் திறந்திருந்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"அவ எங்கடா?"

"நான் வந்திருக்கேன் அத்தான்."

"அது தெரியுது. அவளைத்தானே அனுப்பச் சொன்னேன்? தந்தி வந்துச்சா இல்லையா?"

என் கையிலிருந்த சிவப்புப் புத்தகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்ப நீயே சரின்னு சொல்லிடு" என்றார்.

டாக்டர் வந்து கேட்டதை டிரஸ்ஸர் மலாயில் சொன்னார். வெட்டலாமா? "போலே" என்றேன். செய்யலாம். அந்த நாட்டில் நான் சொன்ன உருப்படியான ஒரே சொல் அது. அக்கா அதை முந்தின நாளே வந்து சொல்லியிருப்பாள், அவருக்கு முட்டி மிஞ்சியிருக்கும்.

முட்டி இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு மாட்டுக்காரன் பிழைப்பு தெரியாது. முட்டி இருந்தால் கட்டைக்கால் மாட்டிக்கொண்டு நடக்கலாம், வண்டியில் ஏறலாம், மாட்டின் குளம்பைப் பார்க்கக் குனியலாம். தொடையோடு போனவனுக்கு இரண்டு கக்கத்திலும் கட்டை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து அவரை அழைத்துக்கொண்டு திரும்பினேன். எல்லையில் பாடாங் புசார் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. வீட்டுலேர்ந்து யாராவது வாங்கன்னுதான் தந்தி அடிச்சேன்னு நானே சொல்லிக்கிறேன்."

"எதுக்கு அத்தான்? சொல்லுங்க. என்னைச் செருப்பால அடிக்கட்டும்."

"அடிச்சா வளந்துடுமா? கால்தான் போச்சு. அக்கா தம்பி உறவும் போகணுமா? சும்மா இருடா."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம், கட்டையால் நாலு போட்டிருக்கலாம். ஒரு வார்த்தையால் என் வாயைக் கட்டிவிட்டார். அவர் பொய்க்கும் என் பொய்க்கும் பொருத்தம் சரியாக இருந்ததால் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தான் அதற்குப் பிறகு சயாம் போகவில்லை. அக்கா இன்னும் நாலு மாடு சேர்த்து, இரண்டு பங்கு வேலை செய்து வீட்டை இழுத்தாள்.

அது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு தீபாவளிக்குக் கிள்ளானில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தானுக்குத் தரையில் உட்கார முடியாது, நாற்காலியில் இருந்தார். மூத்த பெண்ணைக் கேட்டு வந்திருந்த புதுச் சம்பந்தக்காரர்களும் பந்தியில் இருந்தார்கள். அக்கா பரிமாறிக்கொண்டே வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்று, வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"இது என் தம்பி. இவருக்குக் கால் நசுங்கிச் சயாமுல கெடந்தப்ப, தந்தி வந்த அன்னைக்கே போட்டது போட்டபடி வண்டியேறி ஓடுனவன். டாக்டர் இனிமே தாங்காதுன்னு சொல்ற நேரத்துக்குப் போய் நின்னான். ஒரு நாள் தாமசிச்சிருந்தாலும் எனக்கு என்ன ஆயிருக்கும், நீங்களே சொல்லுங்க."

சம்பந்தக்காரர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். நான் இலையைப் பார்த்தேன். எழுந்து, அக்கா, ஒரு நாள் தாமசித்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. நிமிர்ந்தேன். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச்ச விட்டுட்டு அவனுக்கு ரசம் ஊத்து" என்றார். அக்கா ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.